எதுவரைக்கும் வருது?

"நெட் வரல, தம்பி. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

அழைப்பு இப்படித்தான் தொடங்கும். சொல்பவருக்கு அது ஒரே குறை. கேட்கிற எனக்கோ நீண்டதொரு பாதை. கணினிக்குள் இருக்கும் லேன் கார்டு, அதிலிருந்து புறப்படும் வயர் அல்லது வைஃபை, வீட்டு மோடம், மோடத்திலிருந்து தெருக் கம்பத்துக்கு ஏறும் கண்ணாடி இழை, அதற்கப்பால் கம்பெனியின் கருவிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் தளத்தின் பெயரை வாங்கிக்கொண்டு அதற்குரிய எண்ணைத் திருப்பிச் சொல்லும் டிஎன்எஸ். இதில் எங்கோ தடம் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும்தான். அதனால் நான் முதலில் கேட்பது, "எதுவரைக்கும் வருது?"

இந்தக் கேள்வி சட்டென்று யாருக்கும் பிடிபடாது. பிறகு உடைத்துக் கேட்பேன். உங்க செல்லுல அதே வைஃபைல வீடியோ ஓடுதா? மோடத்துல சிவப்பு லைட் எரியுதா? கம்ப்யூட்டர்ல மூலையில உருண்டை காட்டுதா, மஞ்சள் முக்கோணம் காட்டுதா? நேத்து, முந்தாநேத்து வீட்ல எதும் வேலை நடந்துச்சா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் கொஞ்சமல்ல. ஏசி மாட்ட வந்தவர் சுவரில் துளை போட்டிருப்பார். வெள்ளையடிக்க மேசையை நகர்த்தியிருப்பார்கள். விடுமுறைக்கு வந்த பேரன் எதையோ நிறுவிவிட்டு ஊருக்குப் போயிருப்பான். "ஒண்ணும் நடக்கலியே" என்றுதான் முதலில் சொல்வார்கள். நான் வயரைத் தடவிக்கொண்டு சுவரோரம் நடக்கும்போது ஞாபகம் வந்துவிடும்.

இதைக் கேட்டு முடிக்கும்வரை எதையும் தொடுவதில்லை. குறிப்பாக, மோடத்தின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு இருக்கும் அந்தத் துளையை. அதற்குள் ரீசெட் பொத்தான் இருக்கிறது. மோடத்தின் சுவிட்சை அணைத்துப் போடுவதில் கெடுதல் இல்லை, உள்ளே எழுதிவைத்தது எல்லாம் அப்படியே இருக்கும். ஊசியை விட்டு அழுத்தினால் கம்பெனி கொடுத்த பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபையின் பெயர் எல்லாம் அழிந்து தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பழைய தொலைபேசிக் கம்பி வழி பிராட்பேண்டில் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்கள் மோடத்துக்குள் இருக்க வேண்டும். அவை போய்விட்டால் கம்பியில் சிக்னல் இருந்தும் பயனில்லை. மோடம் திரும்ப அமைக்கப்படும் வரை வீட்டில் ஒருவருக்கும் நெட் கிடையாது. முதலில் ஒரு கணினிக்கு மட்டும் இருந்த குறை அப்படியே இருக்கும். அதன் தடயம் மட்டும் போயிருக்கும். வாடிக்கையாளர் உதவி எண்ணில் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பில் "ரீசெட் பண்ணுங்க சார்" என்று சொல்வது எனக்கு இன்றும் கோபம் மூட்டுகிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு பிரவுசிங் சென்டர் வழியாக. மணிக்கணக்கில் காசு கொடுத்து, பிளைவுட் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து மெயில் பார்த்த காலம். பிஎஸ்என்எல் 2005இல் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கிய பிறகு, 256 கேபிபிஎஸ் வேகத்தை ஒரு கடை முழுக்கப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். அங்கே மூத்தவர் ஒருவரிடம் வயருக்கு ஜாக் அடிக்கக் கற்றுக்கொண்டேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இந்த வரிசையைப் பாடமாக ஒப்பிக்கச் சொல்வார். எல்லோருக்கும் வரும் சந்தேகம் எனக்கும் வந்தது. பச்சைக்கும் அதன் ஜோடிக்கும் நடுவில் நீல ஜோடியை ஏன் திணிக்க வேண்டும்? ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து வைத்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்தால் போதாதா?

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. நான் சொன்னபடியே ஒரு நீண்ட வயரை அடித்துத் தந்தார். டெஸ்டரில் போட்டால் எட்டு விளக்கும் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்தன. கணினியில் சொருகினால் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டு மீட்டர் வயரில் அதே முறை வேலை செய்தது. காரணம் முறுக்கில் இருக்கிறது. ஒரே சமிக்ஞை நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக அதன் ஜோடிக் கம்பியிலும் போகிறது. இரண்டும் பின்னிக் கிடப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறி, மறுமுனையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். லேன் கார்டு மூன்றாம் ஊசியையும் ஆறாம் ஊசியையும் ஒரு ஜோடியாகப் பயன்படுத்துகிறது. ஜோடி ஜோடியாக அடுக்கினால் மூன்றில் ஒரு முறுக்கின் கம்பியும் ஆறில் வேறொரு முறுக்கின் கம்பியும் வந்து உட்கார்ந்துவிடும். மின்சாரம் போகும், டெஸ்டர் திருப்திப்படும், இரைச்சல் மட்டும் கழியாது. வயர் நீள நீள அது வலுத்துக்கொண்டே போகும். "டெஸ்டர் சரின்னு சொல்லுது, நெட் வரல" என்று யாராவது சொன்னால், இன்றும் ஜாக்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்து நிற வரிசையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இன்னொரு கருவியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் என்ற கட்டளையைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் அதை எழுதினார். தன் நெட்வொர்க்கில் விளங்காத கோளாறு ஒன்றைத் தேடப் போய் எழுதியது அது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு படகு உரிமையாளருக்கு இதை விளக்க வேண்டி வந்தபோது எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அவர் படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. ஒலியைக் கீழே அனுப்பி, அது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து ஆழம் சொல்லும் கருவி. மூஸ் மனத்தில் வைத்திருந்ததும் கடலடி எதிரொலியைத்தான். "அப்போ எதிரொலி வராத இடத்துலதான் கோளாறு" என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் பிங் அனுப்பும் வரிசை மாறாது. முதலில் 127.0.0.1. இது கணினி தன்னைத் தானே கூப்பிட்டுப் பார்ப்பது. இங்கேயே பதில் இல்லையென்றால் வயரையும் மோடத்தையும் சந்தேகிப்பதில் பொருளில்லை, கணினிக்குள் நெட்வொர்க் மென்பொருளே குலைந்திருக்கிறது. அடுத்து மோடத்தின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1. இது வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து 8.8.8.8. கூகுள் 2009 டிசம்பரில் பொதுவில் திறந்துவிட்ட டிஎன்எஸ் சர்வர் அது. எண் எளிதென்பதால் உலகம் முழுக்கப் பழுது பார்ப்பவர்கள் அதைக் கூப்பிடுகிறார்கள். அது வந்தால் தெருவுக்கு அப்பாலும் சரி. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, எதையும் மாற்றுவதும் இல்லை. ஆனாலும் விண்டோஸைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவிய பிறகும் நெட் வராத கணினிகள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அறுந்தது வயராக இருக்கும். அதற்குள் அந்த வீட்டுப் புகைப்படங்கள் போயிருக்கும்.

ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைத் தட்டியதும் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. கணினி எழுந்ததும் "எனக்கொரு முகவரி வேண்டும்" என்று வயரில் கூவுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மோடம் 192.168.1.5 என்பது போல் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். கூவியும் பதில் வராவிட்டால் கணினி தானாகவே 169.254 வரிசையில் ஒன்றை வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. 2005இல் பொது விதியாகவும் எழுதப்பட்டது. ஆக அந்த எண் சொல்வது இதுதான்: லேன் கார்டு உயிரோடு இருக்கிறது, மென்பொருள் சரி, ஆனால் மோடத்தின் குரல் எட்டவில்லை.

2012இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. அப்போது இந்த எண்ணை நான் பார்க்காத நாளில்லை. கணினிக்கு யுபிஎஸ் வாங்கியிருப்பார்கள். மோடத்தைச் சாதாரண பிளக்கில் மாட்டியிருப்பார்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது மோடம் நிதானமாக எழும். நடுவில் யுபிஎஸ்ஸில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியும் இருந்தால், கணினியைப் பொறுத்தவரை வயர் துண்டிக்கப்படவே இல்லை. மோடம் தூங்கும் நேரத்தில் கணினி முகவரி கேட்டிருக்கும், பதில் வந்திருக்காது, 169.254ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கொரு முறை மறுபடி கேட்டுப் பார்க்கும். ஆனால் நெட் வராத வீட்டில் யாரும் ஐந்து நிமிடம் காத்திருப்பதில்லை. வயரைப் பிடுங்குவார்கள், மோடத்தை அணைப்பார்கள், அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். மோடத்தின் அடாப்டரையும் யுபிஎஸ் பக்கம் மாற்றிவிட்டு வந்தால் அந்த வீட்டிலிருந்து அழைப்பு நின்றுவிடும்.

மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு பெட்டி வாங்கி வைக்கும் வீடுகளில் வேறு விதம். கீழிருந்து வரும் வயரைப் புதுப் பெட்டியில் வெளி இணைப்புக்கான 'வான்' துளையில் போடாமல் லேன் துளையில் போட்டுவிடுவார்கள். இப்போது முகவரி கொடுக்க வீட்டில் இரண்டு பேர். யார் முந்துகிறார்களோ அவர்கள் சொல்வதைக் கணினி ஏற்கும். "ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரல, நாளைக்கு மாறிப் போகுது" என்று சொன்னால் அநேகமாக இதுதான். புதுப் பெட்டியில் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

எங்கள் ஊருக்கென்று சில பழுதுகள் உண்டு. தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது. கடலோரத் தெருக்களில் ஜன்னல் பக்கம் தொங்கும் ஜாக்கைக் கழற்றினால் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஜாக்கின் ஊசிகளில் மெல்லிய தங்கப் பூச்சு உண்டு, மலிவான ஜாக்கில் அது பேருக்குத்தான். துடைத்துப் பார்ப்பதில்லை, வெட்டிவிட்டுப் புதிதாக அடித்துவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி. பழைய தொலைபேசிக் கம்பி வழியே பாய்ந்து மோடத்தைக் கடந்து கணினியின் லேன் துளைவரை எரித்துவிட்டுப் போகும். கண்ணாடி இழை வந்த பிறகு இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இழையில் மின்சாரம் ஏறாது.

கப்பலில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர் இது. வெளிநாட்டுத் துறைமுகங்களில் வாங்கிய மடிக்கணினிகள் இங்கே வந்துசேரும். அப்படி ஒரு வீட்டில் கேட்ட புகார், "சில நாள் வரும், சில நாள் வைஃபை பேரே இருக்காது." மற்றவர்களின் செல்களில் எந்நாளும் வருகிறது. அந்த வீட்டுப் பெண்மணி நல்ல சாட்சி. மின்சாரம் போய் வந்தால் சில சமயம் தானாகச் சரியாகிவிடுவதையும், சில சமயம் நன்றாக ஓடியது அதன் பிறகு நின்றுவிடுவதையும் கவனித்து வைத்திருந்தார். நான் போன அன்று பெயர் தெரியவில்லை. மடிக்கணினியில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, இந்த வீட்டுப் பெயர் இல்லை, மோடமோ மூன்றடி தூரத்தில். என் செல்லில் பார்த்தேன். மோடம் 13ஆம் சேனலில் ஓடிக்கொண்டிருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கென்று அமைக்கப்பட்ட கருவிகள் 11உடன் நிறுத்திக்கொள்ளும். 12ஐயும் 13ஐயும் அவை எட்டிப் பார்ப்பதே இல்லை. மோடத்தில் சேனலைத் தானே தேர்ந்துகொள்ளும்படி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் அது நெரிசல் குறைந்த சேனலைத் தேடி உட்காரும். 6இல் உட்கார்ந்தால் மடிக்கணினிக்குக் கொண்டாட்டம். 13இல் உட்கார்ந்தால் அந்த வீட்டு வைஃபை அதன் கண்ணுக்கு இல்லை. சேனலை 6இல் கட்டிவைத்தேன். அதற்கு முன் வந்தவர் வைஃபை கார்டைப் புதிதாக மாற்றச் சொல்லி விலையும் சொல்லியிருந்தாராம். கார்டு முழு ஆரோக்கியமாக இருந்தது. மின்சாரம் போய் வந்ததையும் நெட் போய் வந்ததையும் அந்த அம்மாள் சேர்த்துச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் அத்தனை சீக்கிரம் பிடிபட்டிருக்காது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீடுகளுக்குப் போகும் வழி அடைபட்டது. அழைப்புகளோ பெருகின. எல்லா வேலையும் தொலைபேசியில். பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. அதுவரை சினிமாப் பாட்டுக்கு மட்டும் திறந்த மடிக்கணினியில் அம்மாக்கள் உட்கார்ந்தார்கள். அரசுப் பள்ளியில் மூத்த மகனுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு தாயார் அழைத்தார்.

"தம்பி, பாப்பாவுக்கு ஒம்பது மணிக்கு கிளாஸ். இதுல எங்க வீட்டுப் பேரே வரமாட்டேங்குது."

"அக்கா, பக்கத்து வீட்டுப் பேரெல்லாம் வருதா?"

"அதெல்லாம் வருது. நாலஞ்சு வருது."

"உங்க செல்லுல வீட்டுப் பேரு எப்படிக் காட்டுது? எழுத்து எழுத்தா வாசிங்க."

வாசித்தார். கடைசியில் '5ஜி' என்று இருந்தது. அது செல்போன் கம்பெனிகளின் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்க மோடங்கள் ஒட்டிக்கொள்ளும் வால். வேகம் அதிகம், சுவரைக் கடக்கும் திறன் குறைவு. என் கைக்கு வந்த விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். மூத்த மகன் விளையாட்டு தடங்கலின்றி ஓட வேண்டுமென்று மோடத்தில் 2.4ஐ அணைத்திருக்கிறான். மோடத்தைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொன்னேன். செல்லின் பிரவுசரில் 192.168.1.1 அடிக்கச் சொன்னேன். புள்ளிக்கு அவர் கமா போட்டதைக் கண்டுபிடிக்கவே சற்று நேரம் போனது. உள்ளே நுழைந்து, வயர்லெஸ் பக்கத்தைத் திறந்து, 2.4 என்றிருந்த இடத்தில் அவர் குறியிட்டார். பாப்பாவின் குரல் பின்னாலிருந்து கேட்டது, "அம்மா, வந்துட்டு!" அந்தத் தாயார் பிறகு தன் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தார். தொலைபேசியில் வழி சொல்லும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவரிடம் வேலை விரைவாக முடியும் என்பதை அந்த மாதங்களில் கண்டேன். கணினி படித்தவர்கள் நான் கேட்பதற்கு முன்பே நாலு இடத்தில் மாற்றியிருப்பார்கள்.

இணைப்பு எல்லாம் இருந்து, பிங் எல்லாம் வந்து, ஒரு தளமும் திறக்காத வீடுகள் உண்டு. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை காட்டும். அப்போது திரையின் வலது மூலையில் தேதியைப் பார்ப்பேன். 2009 என்றோ 2012 என்றோ இருக்கும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடிவிடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காதது. அதனால் ஏற்க மறுக்கிறது. இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பார்கள். விண்டோஸில் அதற்கொரு எல்லை இருக்கிறது. வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் வீட்டுக் கணினி வழக்கமாக அதை ஏற்பதில்லை. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். மிகச் சில ரூபாய்ச் செலவு. தூத்துக்குடியில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளையின் முகம் தெரியாமல் போனதற்கு இது காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தையாவது எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

டிஎன்எஸ்ஸைப் பற்றி ஒன்று மட்டும். உலகெங்கும் நாற்பது லட்சம் கணினிகள் அளவுக்கு டிஎன்எஸ் முகவரியைத் திருட்டுத்தனமாக மாற்றிவைத்த கும்பலை அமெரிக்கப் புலனாய்வுத் துறை 2011 நவம்பரில் பிடித்தது. திருட்டு சர்வர்களை அன்றே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடுமென்று, நீதிமன்ற உத்தரவோடு அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அன்றோடு அவை நின்றன. அதுவரை சரிசெய்யப்படாத கணினிகளில் எண்ணுக்குப் பதில் வரும், பெயருக்கு வராது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, டிஎன்எஸ் கட்டத்தில் யாரோ கையால் எழுதிய எண் இருந்தால், நெட் நன்றாக ஓடினாலும் வீட்டாரிடம் கேட்காமல் விடுவதில்லை.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த வேலை பிரையண்ட் நகரில் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் நடந்தது. பழைய இணைப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைக்கு மாறியிருந்தார். கீழே வரவேற்பறையில் புது மோடம். மேல்மாடி அறையில் அவருடைய கணினி. நடுவில் சுவருக்குள் புதைத்த பைப்பில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் வயர். மோடம் மாற்றிய நாளிலிருந்து கணினிக்கு நெட் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தவர் மோடத்துக்குப் பக்கத்தில் தன் மடிக்கணினியைச் சிறு வயரில் மாட்டிக் காட்டி, "எங்க பக்கம் ஓகே சார்" என்று போய்விட்டார். ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள்.

மேலே போய்ப் பார்த்தேன். சில நொடிக்கொரு முறை இணைப்பு வந்து, உடனே "நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு" என்று போனது. இறந்துபோன துளை இப்படி வந்து வந்து போகாது. பழைய மோடத்தின் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை. அந்த வேகத்துக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும். 1, 2, 3, 6. புது மோடத்தின் துளை கிகாபிட் வகை, சாரின் கணினியும் அப்படியே. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். சிக்கல் என்னவென்றால், எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு முனைகளும் ஒப்பந்தம் பேசிக்கொள்வது முதல் இரண்டு ஜோடிகளில். அவை நன்றாக இருந்தால் "கிகாபிட்டிலேயே பேசலாம்" என்று இரண்டும் ஒப்புக்கொள்கின்றன. பேசத் தொடங்கினால் மற்ற ஜோடிகள் முழுதாக இல்லை. இணைப்பு விழுகிறது. மறுபடி ஒப்பந்தம், மறுபடி விழுகிறது. தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் சிப்புகளும் உண்டு. இங்கே இருந்தவை அப்படிச் செய்யவில்லை.

சோதிப்பது எளிது. லேன் கார்டின் அமைப்பில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்ற இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று கட்டிவைத்தேன். இணைப்பு அசையாமல் நின்றது. சார் எழுந்து நின்றுவிட்டார். "அவ்வளவுதானா? இப்படியே இருக்கட்டுமே." விட்டுவிட்டு வரலாம், பலர் விடுகிறார்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வேகத்தைக் கட்டிவைத்தால், ஒப்பந்தத்துக்கு ஆள் கிடைக்காத மறுபக்கம் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு முனை ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும், மறுமுனையோ ஒன்று முடிந்து ஒன்று என்று இருக்கும். சின்ன வேலைகளுக்குத் தெரியாது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் ஊர ஆரம்பிக்கும். அதைச் சாரிடம் சொன்னேன். "அப்போ சரியாவே பண்ணிருவோம்" என்றார்.

டெஸ்டரைப் போட்டால் நான்கும் ஐந்தும் எரியவில்லை. நீல ஜோடி. மேல்மாடி சுவிட்ச் போர்டைக் கழற்றினோம். உள்ளே வயரின் தோலை உரித்து நீல ஜோடியை மட்டும் வெளியே எடுத்து, டேப் சுற்றி, மேல்மாடித் தொலைபேசிக்குக் கொடுத்திருந்தார்கள். சாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீடு கட்டியபோது பைப்பில் இரண்டாவது வயர் நுழையவில்லை என்று எலக்ட்ரீஷியன் செய்த ஏற்பாடு. நான் அந்த எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லமாட்டேன். அன்றைய மோடத்துக்கு அந்த இரண்டு கம்பிகளும் உபரி. நெட்டும் ஓடியது, தொலைபேசியும் ஒலித்தது. நல்ல வேலைக்காரர்.

நீலத்தைப் பிடுங்கி ஜாக்கில் சேர்த்தால் நெட் வந்துவிடும். ஆனால் சாரின் வீட்டு அம்மா மாடிப்படியருகில் நின்று, "தம்பி, அந்த ஃபோன்லதான் தங்கச்சிகூட பேசுவேன்" என்றார். காது சற்று மந்தம், செல்போனில் சரியாகக் கேட்பதில்லையாம். கண்ணாடி இழை மோடத்தின் பின்னால் தொலைபேசிக்கென்று தனித் துளை இருக்கிறது, தரைவழி எண் இப்போது அதில்தான் வருகிறது. அங்கிருந்து மேலே கொண்டுபோக ஒரு வயர் வேண்டும்.

பழைய வயரையே இழுப்புக் கயிறாக்கினோம். அதன் முனையில் புது லேன் வயரையும் மெல்லிய தொலைபேசி வயரையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் வழுவழுப்பாக டேப் சுற்றி, முகப் பவுடரைக் கொட்டித் தடவினேன். என் உதவியாள் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து முறுக்காமல் ஊட்டினேன். ஒரு வளைவில் நின்றுவிட்டது. வேகமாக இழுத்தால் உள்ளே முறுக்கு கலையும், கலைந்தால் கிகாபிட் வராது. சற்றுப் பின்னால் இழுத்து, மறுபடி பவுடர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. மதியம் சாப்பாட்டு நேரத்தில் முடிச்சு மேலே வந்தது. ஜாக் அடித்து, டெஸ்டரில் எட்டும் எரிந்ததைச் சாரையே எண்ணச் சொன்னேன். கார்டின் அமைப்பைப் பழையபடி தானாகப் பேசும் நிலைக்கு மாற்றினேன். 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்டியது. தொலைபேசியை எடுத்துக் கொடுத்ததும் அம்மா முதலில் தங்கையைக் கூப்பிட்டார்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வயரின் இரண்டு முனைகளிலும் சீட்டு ஒட்டினேன்: 'மாடி - நெட்', 'மாடி - ஃபோன்'. மோடத்தின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சார் தன் கையெழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, மோடத்துக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவைத்தார். கூடவே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தார்: 'ஊசியால் குத்த வேண்டாம்.'